தண்ணீர் புகாத கார்

மன்னார்ப் பக்கத்துக் கடற்கரை ஊரான வங்காலைக்கு அந்தக் கார் வந்து சேர்ந்த விதமே ஊருக்கு வேடிக்கையாகிவிட்டது. பைபர் போட் ஏற்றுகிற இழுவைப் பெட்டியில், போட் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கக்கூடிய ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் குந்தியிருந்தது. முன்னால் உழவு இயந்திரத்தை ஓட்டி வந்தவன் மில்ரன். காருக்குள் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி, தானே ஓட்டி வருகிறவளைப் போல நேரே பார்த்துக்கொண்டிருந்தவள் அவனுடைய அக்கா நிறஞ்சலா. ஸ்ரியறிங்கைப் பிடிக்கத் தேவையில்லை என்று அவளுக்கும் தெரியும். கைகளை வேறெங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை.

சந்தியில் மீன் ஏற்றிக்கொண்டு நின்றவர்கள் ஐஸ் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"பிள்ளை, உது கடலுக்கோ, கலியாணத்துக்கோ?"

"கம்பஸ் முடிச்ச பிள்ளைக்குக் கவுண்மேந்து குடுத்த வாகனமாம்!"

"மில்ரன், எஞ்சினைப் பின்னால பூட்டப்போறியோ, முன்னாலயோடா?"

மில்ரன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். நிறஞ்சலா கண்ணாடியை ஏற்றிவிடலாம் என்று பிடியைத் திருகினாள். பிடி கையோடு வந்துவிட்டது.

வளவில் இறக்கியதும் போட்டுக்கு வைத்திருந்த பற்றரியைக் கொழுவிப் பார்த்தார்கள். அந்தக் காருக்கு முன்விளக்குகள் மூடிக்குள் ஒளிந்திருக்கும். சுவிட்சைப் போட்டால் மூடி எழும்பி விளக்கு வெளியே வரும். வலது மூடி கிறீச்சென்று எழும்பியது. இடது மூடி அசையவில்லை. வேலிக்கு வெளியே நின்ற கூட்டம் கைதட்டியது. "கார் கண்ணடிக்குது!" என்று யாரோ கத்தினார்கள். அன்று தொடக்கம் ஊருக்குள் அதன் பெயர் கண்ணடிச்சான்.

அம்மா மாக்கிறட் கருவாடு காயப்போட்ட கையோடு வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பின் இருக்கை முழுவதும் ஆட்டுப் புழுக்கை.

"ஆட்டுக்கொட்டிலை ஆரும் இஞ்சவரை இழுத்துக்கொண்டு வருவினமோ?" என்று கேட்டார். பிறகு, "ஆட்டையாவது தந்திருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டு திரும்பிப் போனார்.

கார் அதுவரை கிடந்தது கொண்டச்சியில், பல்கலைக்கழகத்தில் நிறஞ்சலாவோடு படித்த றஸ்னாவின் மாமா வீட்டு வளவில், ஒரு முந்திரி மரத்துக்குக் கீழே. புத்தளத்தில் வாங்கி, கொஞ்சக் காலம் ஓடி, ஒருநாள் நின்றுபோய், நின்ற இடத்திலேயே மறக்கப்பட்ட கார். இரண்டே கதவு, நீண்ட மூக்கு. பழைய டொயோட்டா செலிக்கா. பழைய இரும்புக்காரர் கேட்ட விலைக்குத்தான் நிறஞ்சலாவும் கேட்டாள். "இரும்புக்காரன் வெட்டிப்போடுவான், நீயாவது ஓட்டுவாய்" என்று றஸ்னா மாமாவிடம் கதைத்து வாங்கித் தந்தாள்.

எதற்காக இந்தக் கார் என்று கேட்டவர்களுக்கு நிறஞ்சலா ஆளுக்கொரு பதில் சொன்னாள். திருத்தி விற்கத்தான் என்று அப்பா யோசேப்பிடம். சும்மா பொழுதுபோக்கு என்று கோயிலடியில். உண்மையான பதில் அவளுக்கே தெளிவாக இல்லை.

அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள். யாழ்ப்பாணத்தில் புவியியல் படித்தாள். அவள் தங்கியிருந்த அறை மேல்மாடியில். யன்னலுக்கு நேர்கீழே ஒரு கராச். பரீட்சைக்குப் படிக்க உட்காருகிற நேரமெல்லாம் கீழே யாரோ ஒரு எஞ்சினைச் சங்கிலியில் தூக்கிக்கொண்டிருப்பார்கள். பாறைகளின் வகைகளைப் பாடமாக்கிக்கொண்டே, எந்த ஆணியை முதலில் கழற்றுகிறார்கள், கழற்றிய ஆணியை எங்கே வைக்கிறார்கள் என்று பார்ப்பாள். மூன்றாம் வருடத்தில் ஒருநாள், தான் புத்தகத்தைவிட யன்னலைத்தான் அதிகம் பார்க்கிறோம் என்று உறைத்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. மீன் விற்றும் கருவாடு விற்றும் படிப்பித்த வீட்டில் அதை எப்படிச் சொல்வது?

பட்டம் பெற்று வந்தபின் அரச வேலை நியமனத்துக்குக் காத்திருக்கிற பட்டதாரிகளில் அவளும் ஒருத்தியானாள். பின்னேரங்களில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ரியூசன். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், "என்ன பிள்ளை, நியமனம் வந்திட்டுதோ?" என்று கேட்காத ஆளில்லை. அன்பாகத்தான் கேட்டார்கள். அதுதான் இன்னும் கஷ்டம்.

எஞ்சின் இறுகிக் கிடந்தது. பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகளுக்குள் டீசலும் ஒயிலும் கலந்து ஊற்றி, ஊறவிட்டு, நீண்ட கம்பியால் நெம்பி நெம்பி, கடைசியில் ஒருநாள் அது முனகிக்கொண்டு அரைச் சுற்றுச் சுற்றியது. மேல் மூடியைக் கழற்றியபோது அது வளைந்திருந்தது. தேய்த்து மட்டப்படுத்த வேண்டும். அதை உரப்பையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு மன்னார் பஸ்ஸில் ஏறினாள்.

"அதுக்குள்ள என்ன, சுறாவோ?" என்றார் கொண்டக்டர்.

"ஓம், கடிக்கும். தள்ளி நில்லுங்கோ."

மன்னார் பட்டினத்தில் சிவசுப்பிரமணியத்தின் கராச் என்றால் எல்லோருக்கும் தெரியும். மீன் லொறி, வான், ஓட்டோ என்று எது படுத்தாலும் அங்கேதான் கொண்டுபோவார்கள். ஐம்பதைத் தாண்டிய மனிதர். வாய் ஓயாது. பையைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஆர் கழட்டினது?"

"நான்தான் அண்ணை."

"ஆணி ஒண்டும் முறியேல்லயோ?"

"ஒண்டு முறிஞ்சது. மற்றதை எல்லாம் சூடாக்கிக் கழட்டினனான்."

"ஒண்டுதானோ!" என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக. "என்ர ஆள் டிலோஜன் எண்டால் மூண்டு முறிச்சிருப்பான்." உள்ளே லொறிக்குக் கீழே படுத்திருந்த டிலோஜன், "கேக்குது அண்ணை" என்றான்.

அதற்குப் பிறகு ஒன்று மாற்றி ஒன்றுக்காக அவள் அங்கே போய்வந்தாள். பிறேக் குழாய், றேடியேற்றர், அது இது என்று. வேலை முடியும்வரை நின்று பார்ப்பாள். ஒருநாள், வரும்போது பஸ்ஸில் மனப்பாடம் செய்த வசனங்கள் எல்லாம் மறந்துபோக, நேரே கேட்டுவிட்டாள்.

"அண்ணை, என்னை வேலைக்கு எடுப்பியளோ?"

சிவசுப்பிரமணியம் சிரிக்கவில்லை. அதுவே அவளுக்குத் தைரியமாக இருந்தது.

"இவன் டிலோஜன் வாற வருசம் உயிர்த்த ஞாயிறு முடிய கட்டார் போறான். இவனுக்கு முந்தி நிண்டவன் துபாய். அதுக்கு முந்தினவன் எங்கயெண்டே தெரியாது. எல்லாரும் 'போகமாட்டன் அண்ணை' எண்டுதான் வந்தவங்கள். நீ பட்டதாரி. நாளைக்கு நியமனம் வந்தால் சாறியைக் கட்டிக்கொண்டு கந்தோருக்குப் போயிடுவாய். எனக்கு ஆள் தேவைதான், பழக்கிப் பழக்கி விமானத்தில ஏத்திவிடுற தொழில் தேவையில்லை."

அவள் புறப்படப் பையை எடுத்தாள். அவர் கொஞ்சம் இரங்கியிருக்க வேண்டும்.

"சரி. அந்தக் கண்ணடிக்கிற காரை இழுத்துக்கொண்டு வராமல், நீயே ஓட்டிக்கொண்டு வா. டிலோஜன் போறதுக்கு முன்னம் வா. பாத்திட்டுக் கதைப்பம். ஒரு வேலையைத் தொடங்கி முடிக்கிற ஆளோ எண்டாவது பாக்கலாம்."

ஆக, டிலோஜன் விமானம் ஏறுவதற்கு முன் கண்ணடிச்சான் தன் சில்லில் மன்னாருக்குப் போக வேண்டும். போனால் வேலை கிடைக்கலாம். போகாவிட்டால் கோயில் வாசலில் அதே கேள்விக்கு அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எஞ்சின் வேலையெல்லாம் அவளுடையது. பொயின்ற் வைத்த பழைய பற்றவைப்பை எடுத்துவிட்டு எலக்ட்ரோனிக் பற்றவைப்பு மாட்டினாள். வெயிலில் கொதிக்காமலிருக்க மின்விசிறி பூட்டினாள். பின் இருக்கையில் இருந்த, இடுப்பை மட்டும் கட்டுகிற பழைய பட்டிக்குப் பதிலாகத் தோளோடு சேர்த்துக் கட்டும் பட்டி வந்தது. தேவையான சாமான்களைக் கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லி எடுப்பித்தாள். படம் பார்த்து, வாசித்து, பிழைவிட்டு, திரும்பக் கழற்றிச் செய்தாள்.

உடம்பு வேலை மில்ரனுடையது. தென்மேற்குக் காற்றான சோளகம் எடுத்தால் அந்தப் பக்கத்துப் போட்டெல்லாம் கரையேறும். அடி தேய்ந்தது, கடலடிப் பாறையான பாரில் முட்டி வெடித்தது எல்லாம் அவனிடம்தான் வரும். வெடிப்பைச் சுரண்டி, பைபர் துணியை வைத்து, றெசின் பூசி, இன்னொரு துணி, இன்னொரு பூச்சு. காய்ந்தபின் கையால் தடவிப் பார்த்தால் எங்கே ஒட்டியதென்று கண்டுபிடிக்க முடியாது. அந்த வருடம் சோளகம் அடங்கி, கடைசிப் போட்டும் இறங்கியபின், அவன் காருக்கு வந்தான்.

காரின் கீழ்ப்பக்கம் சல்லடை. கதவுகளின் கீழே, முன் சில்லிலிருந்து பின் சில்லுவரை இரண்டு பக்கமும் வெற்றுப் பெட்டிபோல ஒரு தகரச் சட்டம் ஓடும். அது இரண்டு பக்கமும் அரித்திருந்தது. அடித்தளத்தில் கை போகும் ஓட்டைகள். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, வளவுக் கிணற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றிக் கழுவினார்கள். உவர்க் கிணறு. போட் கழுவுகிற தண்ணீர்தானே என்று யாரும் யோசிக்கவில்லை. பிறகு மில்ரன் பைபர் போட்டான். என்ன வேலை அது! ஓட்டைகள் எல்லாம் போய், கீழ்ப்பக்கம் முட்டைக்கோதுபோல வழுவழுத்தது. கதவுகளின் அடியிலும் பெட்டியின் அடியிலும் வரிசையாகச் சின்னச் சின்னத் துவாரங்கள் இருந்தன.

"இதுவும் துருவோ அக்கா?"

நிறஞ்சலா குனிந்து பார்த்தாள். துவாரங்கள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருந்தன. அப்போதாவது யோசித்திருக்கலாம். "அடை" என்றாள். "ஓட்டை ஓட்டைதானே."

முடிந்த அன்று அம்மா தானே குடம் குடமாக அள்ளி காருக்கு மேலே ஊற்றினார். எல்லோரும் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தார்கள். அடித்தளத்தில் ஒரு பொட்டு ஈரமில்லை. அப்பா யோசேப், ஒன்றுக்கும் வாய் திறக்காதவர், "தாழாது" என்றார். அந்த வீட்டில் அதற்கு மேல் ஒரு பாராட்டு இல்லை. மில்ரன் படம் எடுத்துத் தன் வாடிக்கைக்காரர் எல்லோருக்கும் அனுப்பினான்.

மாரி தொடங்கியது. கார் முற்றத்தில் நின்றது. தறப்பாள் போட்டு மூடச் சொன்ன அயலவருக்கு, "எங்கட காருக்கு மழை என்ன செய்யும்?" என்றான் மில்ரன். மூடினால்தான் அவமானம் என்பதுபோல இருந்தது கதை. மழை கொட்டுகொட்டென்று கொட்டியது. ஊர் பார்க்க, கண்ணடிச்சான் நனைந்துகொண்டு நின்றது.

தை மாதத்தில் எஞ்சின் பிடித்தது. முதலில் இருமியது, பிறகு ஒரு கரும்புகைக் கொத்தைக் கக்கியது, பிறகு உறுமிக்கொண்டு நின்றது. நிறஞ்சலா அழுதுவிடுவோமோ என்று பயந்து, தேவையில்லாமல் விளக்குச் சுவிட்சைப் போட்டாள். இரண்டு மூடியும் ஒன்றாக எழும்பின. வேலிக்கு வெளியே பெருத்த ஏமாற்றம்.

தவக்காலம் தொடங்குகிற நேரம், மில்ரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதன்முதலாக வெளியே ஓட்டினாள். பறவைகள் வந்து நிறைகிற சதுப்புக் கரையோரமாக நீண்ட நேரான பாதை. செங்கால் நாரைகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. கார் போகிற போக்கு அவள் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. முதல் வளைவில்தான் அந்தச் சத்தம் கேட்டது.

சளக்.

"என்னடா அது?"

"ஒண்டுமில்லை. போத்திலாயிருக்கும்."

பிறேக் பிடித்தாள். சளக் என்று ஏதோ முன்னால் ஓடியது. விட்டாள். சளக்கென்று பின்னால் ஓடியது. மில்ரனின் முகம் மாறியது. கடலில் வளர்ந்தவனுக்கு அந்தச் சத்தம் தெரியாமலிருக்காது.

"அக்கா," என்றான் மெதுவாக, "தண்ணி ஏறியிருக்கு."

காரை நிறுத்தி இறங்கிச் சுற்றி வந்தார்கள். வெளியே ஒன்றும் தெரியவில்லை. உள்ளே காய்ந்துதான் கிடந்தது. கண்ணாடி இறங்குகிற இடுக்கால், வைப்பருக்குக் கீழேயுள்ள காற்று வழியால், எந்தக் காருக்குள்ளும் மழைத்தண்ணீர் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். இறங்கினது வழிந்து போகத்தான் அந்தச் சின்னத் துவாரங்கள். வீதியோரத்தில் நின்று, சேற்றில் மேய்கிற பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நிறஞ்சலாவுக்கு அது முழுவதும் ஒரேயடியாக விளங்கியது. போட் என்றால் தண்ணீரை உள்ளே விடக்கூடாது. கார் என்றால், உள்ளே வந்ததை வெளியே விட வேண்டும். அவர்கள் ஒரு நல்ல போட்டைச் செய்து, உள்பக்கமாகக் கடலை வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு பக்கத்துச் சட்டப் பெட்டியின் அடியில் துளை போட்டாள். தேத்தண்ணீர் நிறத்தில் தண்ணீர் பீச்சியடித்தது. நிற்கவேயில்லை. அம்மா வந்து பார்த்தார்.

"மற்றாக்களின்ர வண்டிக்குத் தண்ணி வெளியில. உங்கட வண்டிக்கு உள்ளுக்க. படிச்ச வேலை."

மில்ரனிடம் உடனே யோசனை இருந்தது. "அக்கா, போட்டுக்குப் பின்னால தண்ணி விடுறதுக்கு வைக்கிற மூடி இருக்கெல்லோ? ரெண்டு பக்கமும் ஒவ்வொண்டு வைப்பம். கிழமைக்கு ஒருக்காத் திறந்து விட்டால் சரி."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்தி, அது நல்ல யோசனைதானோ என்று யோசித்தாள். நாள் அதிகமில்லை. மேலே பூச்சு கண்ணாடிபோல இருக்கிறது. துளை போட்டு, மூடி வைத்து, கறுப்பு மை பூசினால் யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? சிவசுப்பிரமணியம் ஓட்டிக்கொண்டு வரத்தானே சொன்னார்.

மற்றப் பக்கத்தைத் துளைக்க ஜாக்கை வைத்துத் தூக்கினாள். ஜாக் ஏறியது. கார் ஏறவில்லை. ஒரு நொடி ஏனென்று விளங்கவில்லை. அப்பளம் நொறுங்குகிற சத்தத்தோடு பைபர் வெடித்து, ஜாக்கின் தலை பெட்டிக்குள் போய்விட்டது. விரலை விட்டுப் பார்த்தாள். பைபருக்குப் பின்னால் இருந்த தகரம் ஈரப் பிஸ்கற்போலக் கையோடு உதிர்ந்து வந்தது. உவர்த் தண்ணீரில் கழுவி, காற்றுப் புகாமல் மூடி, மழையையும் உள்ளே சேர்த்து வைத்தால் வேறென்ன நடக்கும்? காரின் பாரத்தைத் தாங்குகிற சட்டமே அதுதான்.

"முழுக்க வெட்டோணும்" என்றாள்.

"எதை?"

"பைபரை. எல்லாத்தையும்."

மில்ரன் எழும்பி நின்றான். "விசரோ உனக்கு? எத்தினை போட் செய்தனான், ஒண்டு தாழ்ந்ததோ? கேட்டுப் பார் ஊரில!"

"தாழேல்லத்தான். உன்ர வேலையில பிழையில்லையடா. காருக்குச் செய்யிற வேலை அது இல்லை. அடை எண்டு சொன்னது நான்தானே."

"படம் எல்லாருக்கும் அனுப்பிப்போட்டன். இப்ப என்னெண்டு சொல்லுறது?" அவன் போய்விட்டான்.

அடுத்த நாள் அவள் தனியே தொடங்கினாள். நீளக்கைச் சட்டை போட்டு, முகத்தைத் துணியால் கட்டி, கிரைண்டரைப் பிடித்தாள். பைபர் தூள் கழுத்து இடுக்கெல்லாம் இறங்கி அரித்தது. அழகான பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. வெட்ட வெட்ட மனதுக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டேயிருந்தது: நாளைக்கே நியமனம் வந்தால் இதையெல்லாம் அப்படியே போட்டுவிட்டுப் போய்விடுவாயா? போகமாட்டேன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. போவேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஆனால் கிரைண்டரை நிறுத்தவில்லை.

மத்தியானமளவில் பின்னால் நிழல் விழுந்தது.

"உப்பிடி வெட்டினால் விரல்தான் போகும்" என்றான் மில்ரன். "தா இஞ்சால. மற்றப் பக்கம் பிடி." அவனுடைய கோபம் அவ்வளவுதான். எங்கே தடிப்பாகப் போட்டான், எங்கே மெல்லிசு என்று அவனுக்குத்தானே தெரியும். அவன் போட்டதை அவனே உரித்தான். இடையிடையே, "என்ன மாதிரி ஒட்டியிருக்கு பாரன், சவம் விடுகுதில்லை" என்று தன்னைத்தானே புகழ்ந்துகொண்டான்.

புதுத் தகரம் வாங்கி, மடித்து, வெல்டிங்கில் ஒட்ட வேண்டும். இரும்புக் கேற் செய்கிறவரிடம் ஒட்டுமெஷினை வாடகைக்கு எடுத்தாள். முதலில் பழைய தகரத்தில் பழகினாள். தகரம் ஓட்டையானது. திரும்பப் பழகினாள். கடைசியில் ஒட்டியது. அழகாக இல்லை, ஆனால் சுத்தியலால் அடித்தபோது பிரியவில்லை. நல்ல தண்ணீரில் துடைத்து, உள்பக்கமாகத் துருத்தடை மை ஊற்றி, கதவுகளின் அடைப்பையும் எடுத்து, கீழே வரிசையாகத் துவாரம் போட்டாள். ஒரே அளவில், ஒரே இடைவெளியில்.

பெரிய வெள்ளி வந்தது. அன்று யாரும் சுத்தியலைத் தொடவில்லை. உயிர்த்த ஞாயிறும் போனது. மேற்பூச்சுப் பூச நாளில்லை. ஒட்டிய தழும்பெல்லாம் சாம்பல்நிறப் பூச்சுக்குள்ளால் புடைத்துக்கொண்டு தெரிய, இன்சூரன்ஸ் பத்திரமும் வரிப்பத்திரமும் கண்ணாடியில் பளபளக்க, டிலோஜனின் கடைசி வேலைநாளான சனிக்கிழமை காலையில் அவள் காரை வெளியே எடுத்தாள்.

"ரெண்டு பக்கமும் மணல் பூசின மாதிரிக் கிடக்கு. ஒரு நாள் பிந்திப் போனால் என்ன?" என்றார் அம்மா.

"ஒரு நாள் பிந்தினால் டிலோஜன் இல்லையம்மா."

"டிலோஜனையே கட்டப்போறாய்?"

மில்ரன் சிரித்துச் சிரித்துக் கதவைப் பிடித்தபடி குந்திவிட்டான். அவனை அங்கேயே விட்டுவிட்டு அவள் தனியே கிளம்பினாள்.

வழியில் தள்ளாடி என்ற ஊர்ச் சோதனைச் சாவடியில் மறித்த சிப்பாய் பத்திரங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு விளக்கு மூடிகளையே பார்த்தான். ஒருமுறை எழுப்பிக் காட்டியபிறகுதான் போகவிட்டான். மன்னார்த் தீவுப் பாலத்தில் காற்றுப் பக்கவாட்டில் அடித்தது. இரண்டு பக்கமும் கடல் மினுங்கியது. அவள் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு ஓட்டினாள். வளைவில் ஒன்றும் கேட்கவில்லை. பிறேக்கில் ஒன்றும் கேட்கவில்லை. பட்டினத்து வாசலில் நடுவீதியில் நின்ற கழுதைகள் விலக மனமில்லாமல் விலகின.

கராச் வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். சிவசுப்பிரமணியம் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முன்னால் சுற்றிப் பின்னால் வந்து, பிறகு குந்தியிருந்து கதவுக்குக் கீழே பார்த்தார். ஒட்டிய தழும்பை விரலால் தடவினார்.

"இது ஆர் ஒட்டினது? கோழி கிளறின மாதிரிக் கிடக்கு."

"நான்தான் அண்ணை."

"தெரியுது. இதை மூடி ஒரு பூச்சுப் பூசிக்கொண்டு வந்திருக்கலாமே?"

அவள் நடந்ததைச் சொன்னாள். உவர்க் கிணற்றையும், அம்மாவின் குடங்களையும், மழையில் நனையவிட்டுப் பெருமைப்பட்டதையும், சளக் சத்தத்தையும், போட் மூடி வைக்க இருந்ததையும். மூடிக் கதையில் அவர் சிரிக்கத் தொடங்கினார். டிலோஜன் கேட்டுவிட்டு லொறிக்குக் கீழிருந்து வெளியே வந்து, திரும்பச் சொல்லச் சொன்னான். சிவசுப்பிரமணியம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்து முடிந்ததும் அவருடைய முகம் பழையபடி வியாபார முகமானது.

"சரி. இப்ப கேக்கிறன். நாளைக்கு நியமனம் வந்தால்?"

போகமாட்டேன் என்பது வாய்வரை வந்தது. முன்னே வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள் என்பதும் கூடவே வந்தது.

"தெரியாது அண்ணை. உண்மையாத் தெரியாது. வந்தால் வீட்டில எல்லாரும் போ எண்டுதான் சொல்லுவினம். எனக்கு... இதைச் செய்யேக்கதான் நேரம் போறது தெரியுறேல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

சிவசுப்பிரமணியம் டிலோஜனைப் பார்த்தார். "நீ வரேக்க என்னடா சொன்னனீ?"

"சாகும்வரைக்கும் இஞ்சதான் அண்ணை எண்டு."

"கேட்டியோ?" என்றார் நிறஞ்சலாவிடம். "தெரியாதெண்டு சொன்ன முதல் ஆள் நீதான்." பிறகு, மூலையில் நின்ற ஒரு மீன் வானைத் தலையால் காட்டினார். "அதின்ர அடித்தளம் வருசத்துக்கு ஒருக்கா உக்கிப்போகுது. புதுத்தகரம் போட்டுப் போட்டு எனக்கு அலுத்துப்போச்சு. போய் ஒருக்காப் பார். இப்ப ஒண்டும் வெட்டாதை. பார் மட்டும்."

அவள் நல்ல சட்டையோடுதான் வந்திருந்தாள். ஒரு கடதாசி மட்டையை எடுத்துப் போட்டு, வானுக்குக் கீழே மல்லாந்து போனாள். ஐஸ் உருகி மீன் தண்ணீராய் வடிந்து வடிந்து தகரம் எங்கும் கறுத்திருந்தது. எங்கே அதிகம் உக்கியிருக்கிறது என்று விரலால் தட்டித் தட்டிப் போனாள். பின்பக்கத்து மூலைதான். அங்கே தண்ணீர் போக ஒரு துவாரம் இருந்தது. பக்கத்தில் கிடந்த ஸ்குறூட்றைவரால் நோண்டினாள். பசைபோல இறுகிய ஒரு கட்டி கழன்று விழுந்தது. கையில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தாள். முழுக்க மீன் செதில். பின்னால் ஒரு கிளாசளவு தண்ணீர் அவள் தோளில் ஊற்றியது.

"அண்ணை," என்று கீழேயிருந்து கூப்பிட்டாள், "இதில தகரத்தில பிழையில்லை. செதில் போய் அடைக்குது. உள்ளுக்க ஒரு வலை வச்சால் நிக்கும்."

பிறகு இன்னொரு மட்டை நிலத்தில் விழுந்தது. சிவசுப்பிரமணியம் முனகிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து படுத்து மேலே பார்த்தார்.

"எங்க?"

அவள் காட்டினாள். அவர் விரலை விட்டுப் பார்த்தார். சூள் கொட்டினார்.

"திங்கட்கிழமை எட்டு மணிக்கு வா. பழைய உடுப்புக் கொண்டுவா."

"சரி அண்ணை."

"உந்தக் காரிலயோ வாறது?"

"ஓம்."

"அப்ப அரை மணித்தியாலம் முந்தி வெளிக்கிடு," என்று சொல்லிக்கொண்டு அவர் வானுக்குக் கீழிருந்து மெதுவாக வெளியே நகர்ந்தார்.